சத்தமாகச் சொன்ன கார்டு

செவ்வாய்க்கிழமை காலை வந்தால் இன்றும் என் கை தானாக இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைத் தேடுகிறது. ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆகியும் பழக்கம் போகவில்லை. வீட்டில் வேறு ஆள் கிடைக்காததால் என் கணவருக்குத்தான் பார்க்கிறேன். அவருக்கு அழுத்தம் ஏறுவது வயதாலா, என்னாலா என்பது இன்னும் முடிவாகவில்லை.

புதிதாகச் செவிலியர் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஊசி போடுவதையும் பதிவேடு எழுதுவதையும் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் செய்த ஒரு முட்டாள்தனத்தை மட்டும் எழுதுகிறேன். அதற்கு எந்தப் பயிற்சி வகுப்பும் கிடையாது, அவரவர் சொந்த முயற்சியில்தான் கற்க வேண்டும்.

அப்போது நான் கொல்லிமலை மேல் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தேன். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் வரும் நாள். சாமைக் காட்டையும் மரவள்ளிக் காட்டையும் விட்டுவிட்டு, சுற்றியிருக்கிற நாடுகளிலிருந்து (மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) பெண்கள் வந்து நீள பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். கர்ப்பம் உறுதியானதும் பெயரைப் பதிந்து ஓர் அட்டை கொடுப்போம். மலையில் அதற்குக் ‘கார்டு போடுவது’ என்று பெயர். முழுகாமல் இருக்கிறாள் என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் மாமியார்கள்கூட, ‘மருமவளுக்குக் கார்டு போட்டாச்சுங்க’ என்று மிளகு விலை சொல்வதைப்போலச் சொல்லிவிட்டுப் போவார்கள். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை, அதுதான் கதை.

ஐப்பசி மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை தவமணி வந்தாள். ஆலத்தூர் நாட்டுப் பெண், பத்தொன்பது வயது, நாமக்கல்லில் விடுதியில் தங்கி ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தாள். கன்னம் இரண்டிலும் தாடையிலும் பரு கட்டி கட்டியாகச் சிவந்து, சிலது சீழ் வைத்திருந்தது. துப்பட்டாவால் பாதி முகத்தை மூடியிருந்தாள்.

“தலகாணி பட்டாலே வலிக்குதுங்க நர்சம்மா. ஒரு வருசமா மல்லாக்கப் படுத்துத்தான் தூங்கறனுங்க” என்றாள்.

அதற்குள் ஊரில் உள்ள எல்லோரும் அவளுக்கு வைத்தியம் பார்த்து முடித்திருந்தார்கள். விடுதிக் காப்பாளர் வடை சாப்பிடாதே என்றிருக்கிறார். பக்கத்துக் கட்டில் தோழி பற்பசையைத் தடவிவிட்டிருக்கிறாள். பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர், உடம்புச் சூடு என்று கண்டுபிடித்து, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று மருந்தும் சொல்லிவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போயிருக்கிறார். நம் ஊரில் கல்யாணத்தால் சரியாகாது என்று யாராவது ஒத்துக்கொண்ட நோய் ஒன்றுண்டா, சொல்லுங்கள் பார்ப்போம். குடி, கோபம், வயிற்றுவலி, பரு எல்லாவற்றுக்கும் அதே ஒரு மருந்துதான்.

இன்னொரு வேடிக்கை. கீழ்நாட்டுக்காரர்கள் எழுபது கொண்டை ஊசி வளைவையும் வாந்தி எடுத்துக்கொண்டே ஏறி, முகம் பளபளக்க மூலிகைப் பொடி வாங்க மலைக்கு வருவார்கள். அதே பஸ் திரும்பும்போது மலைப் பிள்ளைகள் முகப்பரு மருந்து தேடிக் கீழே இறங்குவார்கள். பஸ்காரருக்கு இரண்டு பக்கமும் கூட்டம்.

தவமணி நாமக்கல்லில் போய்ப் பார்த்த தோல் டாக்டர் நல்லவர்தான். களிம்பு, மாத்திரை எல்லாம் மாதக்கணக்கில் கொடுத்துப் பார்த்துவிட்டு, இனி இதுதான் வழி என்று வீரியமான ஒரு கேப்ஸ்யூல் பெயரை எழுதியிருந்தார். ஆனால் உடனே கொடுக்கவில்லை. இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வா, பிறகு ஆரம்பிக்கலாம் என்று ஒரு சீட்டு கொடுத்திருந்தார். வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனை, கல்லீரல், கொழுப்பு. கடைசி வரி, கர்ப்பப் பரிசோதனை. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவள், நம் மலையிலேயே ஆஸ்பத்திரி இருக்கிறதே என்று நம்பி எங்களிடம் வந்துவிட்டாள். வெறும் வயிறு என்று எழுதியிருந்ததால் விடிவதற்கு முன்பே ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் இரண்டு மணி நேரம் நடந்து வந்திருந்தாள்.

எங்கள் டாக்டர் இளைஞர், வேலைக்குப் புதிது. சீட்டைக் கடைசி வரிவரை படித்தார். காது சிவந்தது. “சிஸ்டர், நீங்களே பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அன்று அவர் குடித்த டீ மதியம்வரை நீண்டது.

தவமணி கடைசி வரியில் விரலை வைத்தாள். “என்னைச் சந்தேகப்படறாருங்களா?”

“உன்னைச் சந்தேகப்படல கண்ணு, மருந்தத்தான் சந்தேகப்படறாங்க. கல்யாணம் ஆனவ, ஆகாதவ எல்லாத்துக்கும் இதே சீட்டுதான்” என்றேன். இந்த மருந்து உடம்பில் இருக்கும்போது கரு தங்கினால் குழந்தைக்குப் பெரிய குறைகள் வரலாம் என்று சொன்னேன். அதனால்தான் இல்லை என்று பார்த்த பிறகே ஆரம்பிப்பார்கள். சாப்பிடும் ஆறு மாதமும் மாதாமாதம் பார்ப்பார்கள். நிறுத்திய பிறகும் ஒரு மாதம் தாண்டவேண்டும்.

அவள் சீட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, “தையில கல்யாணம்னு பேசியிருக்குதுங்க” என்றாள்.

மாப்பிள்ளை அத்தை மகன், குண்டூர் நாட்டில் லாரி ஓட்டுகிறவன். பரிசம் போட்டாகிவிட்டது. நான் விரல் விட்டு எண்ணினேன். எங்கள் மலையில் தையில் கல்யாணம் நடந்தால் சித்திரையில் பெஞ்சில் வந்து உட்காருவார்கள். “கண்ணு, ஒண்ணு தை, இல்லாட்டி மருந்து. ரெண்டும் சேராது” என்றேன்.

“தையத் தள்ளிவெக்கச் சொல்லிப் பாக்கறனுங்க. எனக்கு இந்த வலி போகோணும்” என்றாள். கல்யாணத்துக்கு முகம் அழகாக வேண்டும் என்று அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அதை அப்போதே கவனித்தேன், எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

இனிமேல்தான் என் சாமர்த்தியம். கல்யாணம் ஆகாத பெண்ணுக்குக் கர்ப்பப் பரிசோதனை, அதுவும் செவ்வாய்க்கிழமை, வெளியே பதினெட்டுப் பெண்கள். ஜன்னலைச் சாத்தினேன். கதவைப் பாதி மூடினேன். நான் பேசிய குசுகுசுப்பில் எதிரே இருந்த தவமணிக்கே இரண்டு தடவை “என்னங்க?” என்று கேட்கவேண்டியிருந்தது. பரிசோதனைக்கு வேண்டிய சின்ன அட்டை மட்டும் வெளியே அலமாரியில் இருந்தது. சாவி எங்கள் உதவியாள் ஆயாம்மாவிடம். ஆயாம்மா பெஞ்சின் அந்தக் கோடியில். எழுந்து போயிருக்கலாம், இருபது அடி தூரம்தான். ஆனால் போகவில்லை. கர்ப்பம், பரிசோதனை என்று எதையும் சொல்லாமல், யாருக்கும் புரியாத ஒரு வார்த்தையை மிகவும் யோசித்துத் தேர்ந்தெடுத்தேன். நாங்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்த அட்டையையும் கார்டு என்றுதான் சொல்லுவோம்.

“ஆயாம்மா! தவமணிக்கு ஒரு கார்டு எடுத்து வைங்க!”

“எந்தத் தவமணிங்க? டீச்சர் படிப்பு படிக்கிற புள்ளைக்குங்களா?”

“ஆமா, அதுக்குத்தான்!”

வெளியே பேச்சு நின்றது. இருமிக்கொண்டிருந்தவர்கூட இருமலை நிறுத்திக்கொண்டார். அந்த அமைதி என் மேல் உள்ள மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

அட்டையில் ஒரே கோடு விழுந்தது, இல்லை என்று அர்த்தம். இரத்தமும் எடுத்துக்கொண்டு, சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவளை அனுப்பிவிட்டு, ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்றிய திருப்தியில் நானும் ஒரு டீ குடித்தேன்.

மலையில் அப்போது செல்போன் கோபுரம் சரியாக வேலை செய்யாது. செய்திக்கு அது தேவையும் படவில்லை. மதியப் பஸ் கிளம்பும்போது தவமணிக்கு இரண்டு மாதம். செம்மேட்டில் இறங்கியவர்களுக்கு மூன்று மாதம் என்று தெரிந்தது. குண்டூர் நாட்டுக்குப் போய்ச் சேரும்போது ஐந்து. மறுநாள் எங்கள் ஜீப் டிரைவர் என்னிடமே வந்து, “ரெட்டைக் கொழந்தைன்னு பேசிக்கறாங்க, நெசமுங்களா?” என்று கேட்டார்.

“யாருக்கு?” என்றேன்.

“நீங்க கார்டு போட்டீங்களே, அந்தப் புள்ளைக்கு.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தேன். வெட்கம் என்றால் என்ன என்று இருபது வருட சர்வீஸில் அன்றுதான் முழுசாகத் தெரிந்தது. ஜன்னல் சாத்திய அறையில் இரகசியம் பேசிவிட்டு, தெருவில் நின்று தம்பட்டம் அடித்திருக்கிறேன்.

வியாழக்கிழமை நாலு பேர் வந்தார்கள். முன்னால் குடையோடு அத்தை நல்லம்மா, மாப்பிள்ளையின் அம்மா. பின்னால் அவர் மகன். அதற்கும் பின்னால் தவமணியின் அம்மா பாப்பாத்தி, கடைசியில் தவமணி. அம்மா மகளோடு இரண்டு நாளாகப் பேசவில்லை என்பது அவர்கள் நின்ற இடைவெளியிலேயே தெரிந்தது. தவமணியின் கண்ணும் இப்போது முகத்தைப்போலச் சிவந்திருந்தது.

நல்லம்மா குடையை என் மேசைமேல் வைத்தார். “ஏனுங்க நர்சம்மா, எம்மருமவளுக்குக் கார்டு போட்டீங்களாமா? அந்தக் கார்டக் காட்டுங்க.”

பாப்பாத்தி அழ ஆரம்பித்தார். “நாஞ் செத்துப்போறனுங்க, ஒண்ணு உண்டுன்னு சொல்லுங்க, இல்ல இல்லைன்னு சொல்லுங்க.”

இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன், கவனியுங்கள். என் முன்னால் இரண்டு சுலபமான வழி இருந்தது. அது சர்க்கரை பார்க்கிற கார்டு என்று ஒரு பொய். இல்லாவிட்டால் மேசை இழுப்பறையில் இருந்த, ஒரே கோடு விழுந்த அட்டையை எடுத்துக் காட்டுவது. அது உண்மை, கையெழுத்தோடு இருக்கிற உண்மை. என் கை இழுப்பறைக்குப் போயும்விட்டது. அப்போது தவமணி என்னைப் பார்த்தாள். அந்த அட்டை அவளுடையது. இன்று நான் அதைக் காட்டினால், அடுத்த மாதமும் நல்லம்மா குடையோடு வந்து நின்று கார்டைக் காட்டு என்பார். அதற்கடுத்த மாதமும். மருந்து முடியும்வரை அந்தப் பெண் தன் ஒழுக்கத்துக்கு மாதம் ஒரு ரசீது காட்டவேண்டும். கையை எடுத்துவிட்டேன்.

“தப்பு எம்மேலங்க” என்று ஆரம்பித்தேன். கார்டில் இரண்டு உண்டு, கர்ப்பிணிக்குப் போடுவது ஒன்று, மருந்து கொடுக்கும் முன் பார்ப்பது வேறு, இவளுக்கு எடுத்தது இரண்டாவது, தோல் டாக்டர் எல்லாப் பெண்களுக்கும் எழுதுவது, அதை நான்தான் புத்தியில்லாமல் கத்தினேன் என்று சொன்னேன். “அதுல என்ன வந்துச்சுங்கறத அவதான் சொல்லோணும். நாஞ் சொல்ல மாட்டேன்.”

நல்லம்மா நம்பவில்லை. “ரெண்டுக்கும் ஒரே பேரா? கவர்மெண்டுக்கு வேற வார்த்தையே கெடைக்கலீங்களா?”

நியாயமான கேள்வி.

தவமணி முன்னால் வந்தாள். துப்பட்டாவை முகத்திலிருந்து எடுத்தாள். டாக்டர் சீட்டை விரித்து, வகுப்பில் பாடம் வாசிப்பதுபோல வரி வரியாக வாசித்தாள். ஆறு மாதம், மாதாமாதம் பரிசோதனை, நிறுத்தி ஒரு மாதம், குழந்தைக்கு வரும் ஆபத்து. வாசித்து முடித்து, “தையில வேண்டாமுங்க அத்த. ஆவணியில வெச்சுக்கலாம்” என்றாள்.

“மூஞ்சிக்காவக் கல்யாணத்தத் தள்ளிவெப்பாங்களாடி? மூஞ்சியப் பாத்தா நாங்க பொண்ணெடுக்கறோம்?”

“பரிசத்தன்னைக்கு நீங்கதானுங்க அத்த, போட்டோக்காரங்கிட்டச் சொல்லி போட்டோவுல மூஞ்சிப் பருவையெல்லாம் தொடச்சுக்கலாம்னு எல்லார் முன்னாலயும் சிரிச்சீங்க. அதுக்காவ நாம் போகல. வலி தாங்காமத்தான் போனேன். ஆனா நீங்க சொன்னத மறக்கல.”

நல்லம்மா மேசைமேல் கிடந்த குடையை நேராக்கி வைத்தார். அதுவரை சுவரில் ஒட்டியிருந்த அம்மை தடுப்பூசி விளம்பரத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்த மாப்பிள்ளை மெதுவாக இருமினான்.

“நர்சம்மா, எனக்கு முதுகு பூராவும் இப்படித்தானுங்க இருக்குது. லாரி சீட்டுல சாய முடியறதில்லீங்க. நானும் அந்த டாக்டரப் பாக்கலாங்களா?”

“பாருப்பா. உனக்கும் வெறும் வயித்துல இரத்தம் எடுப்பாங்க.”

நல்லம்மா திடுக்கிட்டார். “அப்ப இவனுக்கும் கார்டா?”

“ஆம்பளைக்கு அது வேண்டியதில்லீங்க” என்றேன். தவமணி சிரித்துவிட்டாள், அவள் அம்மாவும் அழுதுகொண்டே சிரித்தார். இத்தனை வருடம் முதுகில் பருவோடு இருந்தவனை யாரும் போட்டோக்காரரிடம் துடைத்துத் தரச் சொல்லவில்லை, யாரும் அவன் கார்டைக் கேட்டு மலை ஏறவில்லை. நல்லம்மாவுக்கும் அது உறைத்திருக்க வேண்டும். “ஆவணியே இருக்கட்டும்மா” என்று மகன் சொன்னபோது அவர் குடையை எடுத்துக்கொண்டார்.

முடிந்தது என்று மூச்சு விட்டேன். முடியவில்லை. எல்லோரும் வெளியே போனதும் தவமணி மட்டும் திரும்பி வந்தாள்.

“இவங்களுக்குச் சொல்லிட்டீங்க. பெஞ்சுல இருந்தவங்களுக்கு ஆருங்க சொல்றது?”

“ஒவ்வொரு வீடா வாரப்போ நானே சொல்லிடறேன் சாமி.”

“நீங்க ஊடு ஊடாப் போய்க் காதுல சொன்னா, மூடி மறைக்கறீங்கன்னுதானுங்க நெனைப்பாங்க. சத்தமாச் சொன்னீங்க, சத்தமாவே திருத்துங்க. அடுத்த மாசமும் நான் இங்கதான் வரோணும். ஆறு மாசமும் வரோணும். தலையக் குனிஞ்சுட்டுத்தான் வரோணும்னா எனக்கு இந்த மருந்தே வேண்டாமுங்க.”

எங்கள் டாக்டரிடம் கேட்டேன். “நாலு நாள்ல ஆறிப்போயிரும், விட்டுருங்க சிஸ்டர்” என்றார். ஆறிப்போவது நம் டீதான், அந்தப் பெண்ணின் பெயர் ஆறாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. மேலிடத்துக்குத் தெரிந்தால் விளக்கம் கேட்பார்களே என்ற பயமும் இருந்தது. ஐந்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை பெஞ்சு முன்னால் போய் நின்றேன். தவமணி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என்னென்ன சொல்லலாம் என்று அவளிடம் முன்பே கேட்டுக்கொண்டேன். “எல்லாத்தையும் சொல்லுங்க” என்றிருந்தாள். சொன்னேன். போன வாரம் நான் கத்தியது பரு மருந்துக்கு முன் பார்க்கிற பரிசோதனை, கர்ப்பிணிக் கார்டு இல்லை, இவள் மாதாமாதம் அதற்காக வருவாள், ஊர் தப்பாகப் பேசியதற்குக் காரணம் என் வாய், அதற்காக இவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்றேன். முப்பத்தாறு கண்ணும் என்னையே பார்த்தன.

ஒரு பெண் மெதுவாகக் கையைத் தூக்கினாள். “ஏனுங்க, அந்தப் பரு மாத்திர எங்கீங்க கெடைக்கும்? எந் தங்கச்சிக்கும் இருக்குது.”

“எம்பொண்ணுக்கும்ங்க.”

“தவமணி, உன்றதுல ரெண்டு குடு சாமி.”

மன்னிப்புக் கேட்க நின்றவள் கால் மணி நேரம் மருந்துக் கடைக்காரியாக மல்லுக்கட்டினேன். நாலே நாலு பரு இருக்கிறவர்களுக்கு இது இல்லை, டாக்டர் பார்க்காமல் தொடவே கூடாது, ஒருவர் மாத்திரையை இன்னொருவர் சாப்பிடக் கூடாது, அதிலும் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் கையில்கூட வாங்கக் கூடாது என்று தொண்டை வற்றச் சொன்னேன். எந்தச் சுகாதாரக் கூட்டத்திலும் நான் பேசி இவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை.

தவமணி மருந்தை ஆரம்பித்தாள். பாப்பாத்தி உடனே பத்தியம் போட்டார். எண்ணெய் கூடாது, நெய் கூடாது. இந்த மருந்து கொழுப்புள்ள சாப்பாட்டோடு போனால்தான் உடம்பில் சேரும் என்று நான் போய்ச் சொன்னபோது, இப்படியும் ஒரு மருந்தா என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். உதடு வெடித்தது, தோல் உரிந்தது, முதல் மாதம் பரு இன்னும் கூடியது. அவள் நிறுத்தவில்லை. தோல் டாக்டரையும் விடாமல் போய்ப் பார்த்தாள். மாதம் ஒருமுறை நிமிர்ந்த தலையோடு எங்களிடம் வந்தாள். நான் கார்டு என்ற சொல்லையே தடைசெய்திருந்ததால் ஆயாம்மா தானாக ஒரு பெயர் வைத்துக்கொண்டார். “தவமணிக்குக் கோடு பாக்கோணுங்களா?” என்று அதையும் கத்தித்தான் கேட்பார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. போட்டோவில் கன்னத்தில் இரண்டு மூன்று தழும்பு தெரிந்தது. துடைக்கக் கூடாது என்று போட்டோக்காரரிடம் அவளே சொல்லிவிட்டாளாம்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் இருக்கும். மலையிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை பெஞ்சு நிறைந்திருந்தது. வாசலில் நின்று யாரோ உரக்கக் கூப்பிட்டார்கள்.

“நர்சம்மா! தவமணிக்கு ஒரு கார்டு எடுத்து வைங்க!”

கூப்பிட்டது தவமணியேதான். எனக்குப் பழைய பயம். ஓடிப்போய் அவள் காதருகே, “எந்தக் கார்டு கண்ணு?” என்றேன்.

“ரெண்டுந்தானுங்க. மொதல்ல கோடு பாருங்க, அப்புறம் கார்டு போடுங்க. சத்தமாவே கேளுங்க, இந்தத் தடவ நானே சொல்றேன்.”

அலமாரிச் சாவியோடு அந்தக் கோடியில் நின்ற ஆயாம்மா கத்தினார். “எந்தத் தவமணிங்க?”

எனக்கு முன்பே பெஞ்சு சொல்லிவிட்டது.

“எங்க டீச்சருக்குங்க!”